ஊர்ப்பணமும் ஊரார் கண்ணும்

இல்லம் நடத்துவோர் திங்கள்தோறும் வரவையும் செலவையும் ஒத்திட்டுப் பார்ப்பர். அரிசிக்கெனக் கொடுத்த தொகை மிகுந்திருப்பின், விலை ஏறியதா, அளவு கூடியதா என்று வினவுவர். நகரமும் ஒரு பெரிய இல்லமே. அங்குச் செலவாகும் பணம் குடிமக்கள் வரியாக அளித்த பணமாகும். ஆயினும் வீட்டுக் கணக்கில் ஒரு காசு குறைந்தாலும் தேடுகின்றவர், நகரக் கணக்கில் இலட்சங்கள் மறைந்தாலும் பாராமுகமாய் இருப்பதுண்டு. அதனால் விளையும் கேட்டினை அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

அந்நகரில் நீதிமன்ற மாளிகை ஒன்று எழுப்புதற்கு 1858ஆம் ஆண்டில் 2,50,000 டாலர் ஒதுக்கப்பட்டது. 1861இல் பணி தொடங்கியது. பத்தாண்டுகள் கழிந்தன. மாளிகை முற்றுப்பெறவில்லை, செலவோ 1 கோடி டாலரைக் கடந்தது. 1867இல் அமெரிக்க அரசு அலாஸ்கா என்னும் பரந்த நிலப்பகுதியை உருசியாவிடமிருந்து 72 இலட்சம் டாலருக்கு வாங்கிற்று. அத்துணைப் பெரிய நிலத்தின் விலையினும் ஒரு கட்டடத்தின் செலவு மிகுந்துவிட்டது!

இதற்குக் காரணம் யாது? வில்லியம் டுவீட் என்னும் அரசியல் தலைவரும் அவருடைய கூட்டாளிகளும் நகர ஆட்சியைத் தம் கைக்குள் வைத்திருந்தனர். ஒப்பந்தக்காரர்கள் உரிய தொகையினும் பன்மடங்கு மிகுத்துப் பட்டியல் எழுதினர். அம்மிகுதியின் பெரும்பங்கு அக்கூட்டத்தாரைச் சென்றடைந்தது. வரியை உயர்த்தினால் மக்கள் விழித்துக்கொள்வர் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்; ஆதலின் கடன் வாங்கிச் செலவிட்டனர். 1869க்கும் 1871க்கும் இடையே நகரின் கடன் ஏறத்தாழ மும்மடங்காயிற்று. இன்றைய கடன் நாளைய வரியாகும் என்பதைப் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

1871ஆம் ஆண்டில் கணக்கு அலுவலகத்தில் பணிபுரிந்த மாத்யூ ஓ'ரூர்க் என்பார் அப்பட்டியல்களைப் படியெடுத்தார். 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் அவற்றை அவ்வாண்டு ஜூலைத் திங்களில் வெளியிட்டது. ஆங்கிலம் அறியாத செர்மானியக் குடிகளும் படித்தறியுமாறு அவர்தம் மொழியிலும் அச்சிட்டது. மூன்று மேசைகளுக்கும் நாற்பது நாற்காலிகளுக்கும் 1,79,729 டாலர் கொடுத்ததாகக் கணக்கிருந்தது. அத்தொகையை நாற்பத்து மூன்றால் வகுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 4,180 டாலர் ஆகிறது. இதனைக் கண்டறியப் பெரும் புலமை வேண்டுவதில்லை. பள்ளியிற் பயிலும் வகுத்தற் கணக்கே போதும். வேண்டியிருந்தது ஒன்றே: கணக்கு மக்கள் கைக்கு வருதல்.

செய்தி பரவியதும் மக்கள் கொதித்தெழுந்தனர். செப்டம்பர் 4ஆம் நாள் பெருங்கூட்டம் கூடி, கணக்கை ஆராய எழுபதின்மர் குழுவை அமைத்தனர். டுவீட் கைது செய்யப்பட்டார். 1873இல் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றார். 1878இல் சிறையிலேயே இறந்தார். ஆயினும் களவுபோன பொருளில் சிறு பகுதியே நகருக்கு மீண்டது. கடன் சுமையோ மக்கள் தலைமேல் நின்றது. வெள்ளம் வருமுன் அணை கோலாதவர் நிலை அவர்தம் நிலையாயிற்று.

செலவான பின் வருந்துவதினும், செலவுத் திட்டம் வகுக்கும்போதே ஆராய்வது நன்று என்னும் உண்மை பின்னர் உணரப்பட்டது. 1906ஆம் ஆண்டில் நகராட்சியின் செயல்களை ஆராய்வதற்கென அந்நகரிலேயே தனி அமைப்பொன்று தோன்றியது. 1908இல் நகரின் வரவு செலவுத் திட்டத்தை விளக்கும் கண்காட்சியும் நடைபெற்றது. படங்களாலும் எண்களாலும், தம் பணம் செல்லும் வழியைப் பொதுமக்கள் கண்டறிந்தனர்.

நகரின் திட்டத்தைக் காணும் குடிமகன் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். பொருளின் அளவு என்ன? அதன் விலை கடைத்தெரு விலையோடு ஒத்துள்ளதா? சென்ற ஆண்டினும் செலவு மிகுந்திருப்பின் காரணம் என்ன? பணம் கொடுத்த வேலை உண்மையில் முடிந்துள்ளதா? மிகுந்த செலவெல்லாம் களவாகிவிடாது. மக்கள் பெருகினாலும் விலை ஏறினாலும் செலவு வளர்தல் இயல்பே. ஆதலின் பழிகூறுமுன் வினவுதலே முறை. நேர்மையான அலுவலர் அவ்வினாவிற்கு அஞ்சார். விடை கூறித் தம் நேர்மையை நிலைநாட்டுவர்.

பொருளைத் தேடுதலும் காத்தலும் போலவே, அதனை முறையாகப் பங்கிட்டுச் செலவிடுதலும் ஆள்வோர் கடமை என்பது வள்ளுவர் கருத்து. மக்களாட்சியில் அக்கடமையில் குடிமக்களுக்கும் பங்குண்டு. வரி செலுத்துவதோடு குடிமகனின் பணி முடிவதில்லை. அது சென்ற வழியைக் கேட்டறிவதும் அவன் பணியேயாகும்.