நேரத்தைப் பொறிக்கும் இடம்

தோட்டத்திற் பிறந்து வளர்ந்த நம் மாணவர்க்குப் பெரட்டு மணி புதியதன்று. களத்திலே அடிக்கும் மணியோசை ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள லயத்தை அடைய ஏறத்தாழ 3 செக்கன் செல்லும். இத்தாமதம் நாள்தோறும் பெரிதும் மாறாதது. ஆதலின் அதனைக் கணக்கிற் கழித்துவிடலாம். ஓசையைக் கேட்ட ஒருவர் அடுத்த லயத்தாருக்குச் சொல்லியனுப்பும் செய்தியோ அத்தகையதன்று. இன்று ஒரு நிமிடத்திற் சேரும், நாளை பத்து நிமிடமாகும். பிந்தியவருக்கு முழுப்பேர் அரைப்பேராகக் குறையுமிடத்தில், நேரம் எங்கே குறிக்கப்பட்டது என்னும் வினா உழைப்பின் பயனையே பற்றியதாகின்றது.

கணினி வலையமைப்பிலும் இவ்வினா எழுகின்றது. சபரகமுவைக் குன்றுகளிற் காணும் கைபேசிக் கோபுரங்களையே நோக்குக. ஒரே அலைவரிசையில் முறைமாறி அனுப்பியும் பெற்றும் இயங்கும் கோபுரங்களின் கடிகாரங்கள் 1.5 மைக்குரோசெக்கனுக்கு மேற் பிசகலாகாது. பிசகின் ஒன்றன் அலை மற்றொன்றைக் குழப்பும். இதற்குப் பயன்படும் ஐ.இ.இ.இ. 1588 என்னும் நியமம் 2002இல் வகுக்கப்பட்டு, 2008இலும் 2019இலும் திருத்தப்பட்டது.

அதன் முறை எளியது. தலைமைக் கடிகாரம் 100இல் ஒரு பொதியை அனுப்புகின்றது. சார்ந்த கடிகாரம் அதனை 130 எனக் குறித்துப் பெறுகின்றது. பின்னது 150இல் மறுபொதி அனுப்ப, தலைமை அதனை 140இற் பெறுகின்றது. முதல் வித்தியாசம் 30. இரண்டாவது குறை 10. இவற்றைக் கூட்டிப் பாதியாக்கினால் வழித் தாமதம் 10. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பாதியாக்கினால் கடிகாரப் பிசகு 20. போகும் வழியும் வரும் வழியும் சமன் என்பதே இதன் அடிப்படை.

இனி, 100 என்று எழுதிய பின் பொதி வரிசையிலே 8 அலகு காத்துக் கிடந்தது என்க. அது 138இற் பெறப்படும். விடை 24 ஆகும். காத்த நேரத்திற் பாதி பிழையாக நுழைந்துவிட்டது. இக்காத்திருப்பு ஒவ்வொரு பொதிக்கும் வேறுபடுவதால் அதனைக் கழித்தற்கும் வழியில்லை. ஆகவேதான் மென்பொருள் நேரத்தை எழுதாது, பொதி கம்பியில் இறங்கும் கணத்திலே வலையட்டையின் வன்பொருளே முத்திரை பொறிக்கின்றது. அம்முத்திரையை எடுத்துக் கணினிக்கு வழங்குவது அட்டையின் இயக்கிநிரல். 2011இல் வெளிவந்த லினக்ஸ் 3.0 முதல், ரிச்சட் கொக்ரன் அமைத்த பொதுவழி இத்தகைய அட்டைக் கடிகாரங்களுக்கு உண்டு.

இயக்கிநிரலை மதிப்பிடுவோர் மூன்று வினாக்களை விடாது கேட்டல் வேண்டும். முதலாவது: முத்திரை எக்கணத்திற்குரியது? பொதியை அட்டையிடம் ஒப்படைத்த கணம் புறப்பட்ட கணமாகாது. இரண்டாவது: எப்பொதிக்குரியது? சில அட்டைகள் ஒரு வேளையில் ஒரு முத்திரையையே தாங்கும். அதனை எடுக்குமுன் அடுத்த பொதியை முத்திரைக்கு விட்டால் ஒன்றன் நேரம் மற்றொன்றிற் சேரலாம். மூன்றாவது: எண்ணி முழுமையாக வாசிக்கப்பட்டதா? நனோசெக்கன்களை எண்ணும் 32 இரும இலக்க எண்ணி 4.29 செக்கனில் மீளவும் சுழியத்திற்கு வரும். மேற்பாதியை வாசித்துக் கீழ்ப்பாதியை வாசிக்குமுன் அது சுழன்றுவிட்டால், நேரம் 4.29 செக்கன் பின்தங்கித் தோன்றும். மேற்பாதியை மீண்டும் வாசித்து, மாறியிருப்பின் முழுவதையும் திரும்ப வாசித்தலே பரிகாரம்.

இத்தகைய பிழைகள் ஆயிரம் முறை சோதித்தும் அகப்படாதிருக்கலாம். நிரலைப் பொறுமையுடன் படிப்பவர் கண்ணுக்கே அவை புலனாகும். முத்திரை கிடைக்காத பொதியைக் கணக்கில் விட்டுவிடலாம். பொய் முத்திரையோ நம்பப்பட்டுக் கடிகாரத்தையே கெடுக்கும்.

கொழுந்து மடுவத்திலே, பறித்தவர் பார்த்திருக்கத் தராசின் முன் எழுதிய எடையே எடை; பின்னர் நினைவிலிருந்து எழுதுவது எடையாகாது. இவ்வுண்மையை நம் பெற்றோர் தம் உழைப்பினால் அறிந்திருந்தனர். கணினித் துறை புகும் நம் மாணவரும் அதனைத் தம் தொழிலிற் கைக்கொள்வாராக.