அயல்நாட்டுக்கு முருங்கையிலைப் பொடி மாதிரி அனுப்புவது எப்படி?

அயல்நாட்டு வியாபாரி முதலில் ஒன்றிரண்டு கிலோ மாதிரிதான் கேட்பார். அது கெட்டுப்போனாலும் சுங்கத்தில் தடைபட்டாலும் பின்னால் வரும் கொள்முதல் கைநழுவும். ஆகவே விவசாயிகள் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம்.

பெட்டி: தனியார் கூரியர்கள் பொதுவாக நிறுத்த எடை, பருமன் எடை இரண்டில் கூடுதலானதற்கே கட்டணம் வாங்குவர். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் பருமன் எடை கிலோவில் கிடைக்கும். 40 x 30 x 20 செ.மீ. பெட்டிக்கு இது 4.8 கிலோ. உள்ளே 2 கிலோ பொடியே இருந்தாலும் 4.8 கிலோவுக்குக் குறையாமல் பணம் கட்ட நேரிடும். 25 x 20 x 15 செ.மீ. பெட்டியில் அடக்கினால் பருமன் எடை 1.5 கிலோதான்; நிறுத்த எடைக்குக் கட்டினால் போதும்.

வழி: நன்கு உலர்த்தி, ஈரம் புகாத இரட்டை உறையிலிட்ட பொடி சில நாள் தாமதத்தால் கெடாது. எனவே அவசரமில்லையெனில் அஞ்சலகத்தின் விமானப் பார்சல் கட்டணத்தையும் விசாரிக்கவும். தேதி குறித்துக் கேட்டால் விரைவு அஞ்சல் அல்லது கூரியரை நாடலாம். எதுவாயினும் போகுமிடம் அறியும் எண் உள்ளதா எனக் கேட்கவும்.

தாள்கள்: வணிக ஏற்றுமதிக்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் தேவை. அஞ்சலக ஏற்றுமதி மையமான 'டாக் கர் நிர்யாத் கேந்திரா'வில் சுங்கப் பதிவுக்கு உதவி பெறலாம். படிவத்தில் 'மாதிரி' என்று மட்டும் எழுதாமல், 'உலர்ந்த முருங்கையிலைப் பொடி' என்று எடை, உண்மை மதிப்புடன் எழுதவும். பயிர் நலச் சான்று வேண்டுமா என்பதை வாங்குபவரிடம் முன்னரே எழுதிக் கேட்டுக்கொள்ளவும். விதை, நாற்று அனுப்புவோர் இதில் மிகுந்த கவனம் கொள்ளல் வேண்டும்.