சவரனும் பிராங்கும் நமது தங்கவயலும்

கோலார் தங்கவயலில் பெண்ணுக்கு நகை செய்யும்போது இன்றும் ‘எத்தனை பவுன்?’ என்றே கேட்கிறோம். பவுன் என்பது இங்கிலாந்தின் செலாவணியாகிய பவுண்டு என்னும் சொல்லின் திரிபு. சவரன் என்பதோ ஒரு பவுண்டு மதிப்புள்ள பொற்காசின் பெயர். அக்காசின் எடை 7.988 கிராம், நகைக்கடைகள் அதனை 8 கிராம் என முழுமையாக்கிக் கொண்டன. பிறநாட்டுப் பணம் நம் வீட்டில் எடையாக நிலைத்தது வியப்பன்று. முதல் உலகப் போருக்கு முன்னர் ஐரோப்பியச் செலாவணிகளுக்கு இடையிலான மாற்று விகிதமே ஓர் எடைக் கணக்காகத்தான் இருந்தது.

அக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சவரன் 22 காரட். அதிலுள்ள தூய தங்கம் 7.322 கிராம். பிரான்சு நாட்டின் 20 பிராங்க் காசிலுள்ள தூய தங்கம் 5.806 கிராம், அதாவது ஒரு பிராங்குக்கு 0.2903 கிராம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 25.22 கிடைக்கும். ஒரு பவுண்டுக்கு 25.22 பிராங்க் என்பதே பொன் திட்டக் காலத்தின் சம மதிப்பு. சந்தையில் விகிதம் இதைவிட்டுச் சற்று விலகும். ஆனால் தங்கத்தைக் கப்பலேற்றி அனுப்பும் கூலியையும் காப்பீட்டையும் விட விலகல் மிகுந்துவிட்டால், வணிகர் உண்டியலை விடுத்துத் தங்கத்தையே அனுப்பிவிடுவர். விகிதம் பழைய இடத்துக்குத் திரும்பும்.

இந்த ஒழுங்குக்கு வெளியே நின்றது நமது ரூபாய். அது வெள்ளிக்காசு. 1871-க்குப் பின் ஜெர்மனி தங்கத்துக்கு மாறித் தன் வெள்ளியை விற்றது. அமெரிக்கச் சுரங்கங்களிலும் வெள்ளி பெருகியது. வெள்ளி விலை வீழ, அதனுடன் ரூபாயும் வீழ்ந்தது. 1870-களின் தொடக்கத்தில் 2 ஷில்லிங்கை ஒட்டியிருந்த ரூபாயின் மதிப்பு, 1885-86-இல் ஏறத்தாழ 18 பென்ஸ். 1894-95-இல் 13 பென்ஸ் அளவே.

இதே ஆண்டுகளில்தான் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தில் தங்கவயல் வளர்ந்தது. வெட்டியெடுத்த தங்கம் லண்டனுக்குச் சென்றது. அங்கே ஓர் அவுன்ஸ் தூய தங்கத்தின் நாணய மதிப்பு 4 பவுண்டு 4 ஷில்லிங் 11½ பென்ஸ். அதில் மாற்றமே இல்லை. ஆனால் அந்த அவுன்ஸை ரூபாயில் கணக்கிட்டால் 1885-86-இல் சுமார் 56 ரூபாய்; 1894-95-இல் சுமார் 78 ரூபாய். தங்கத்தின் விலை ஒரு பென்ஸ்கூட ஏறாமலேயே ஒவ்வோர் அவுன்ஸும் 22 ரூபாய் கூடுதலாக ஈட்டித் தந்தது. இயந்திரங்களுக்குப் பவுண்டிலேயே பணம் கொடுக்க வேண்டியிருந்ததால் இது முழுவதும் இலாபமாகிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எனினும் வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து சுரங்கத்தில் இறங்கிய தமிழ்த் தொழிலாளியின் கூலி ரூபாயும் அணாவும்தான். அவர் தோண்டிய பொருள் பவுண்டில் விலைபோயிற்று; அவர் வாங்கிய அரிசி ரூபாயில். பங்குதாரர்கள் வாழ்ந்ததோ இங்கிலாந்தில்.

இந்திய அரசின் நிலை இதற்கு நேர்மாறானது. அது வரியை ரூபாயில் வசூலித்து, லண்டன் செலவினங்களைப் பவுண்டில் செலுத்தியது. தன் ஐரோப்பிய அலுவலர்களுக்குச் செலாவணி இழப்பை ஈடுகட்டத் தனிப் படியும் 1893-இல் வழங்கத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூன் 26 அன்று, பொதுமக்கள் வெள்ளியைக் கொடுத்து ரூபாய் அச்சிட்டுக்கொள்ளும் உரிமை நிறுத்தப்பட்டது. 1899-இல் சவரன் 15 ரூபாய்க்குச் சட்டப்படி செல்லும் பணமாயிற்று. ரூபாயும் மறைமுகமாகத் தங்கத்தோடு பிணைக்கப்பட்டது.

போர் எல்லாவற்றையும் குலைத்தது. பிரான்சு 1928-இல் மீண்டும் தங்கத்துக்குத் திரும்பியபோது பிராங்கின் எடை ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. ஒரு பவுண்டுக்கு 124.21 பிராங்க். 1931 செப்டம்பர் 21 அன்று இங்கிலாந்து தங்கத்தைக் கைவிட்டது, பிரான்சு கைவிடவில்லை. ஆண்டு முடிவதற்குள் பவுண்டு 90 பிராங்குக்கும் கீழே சரிந்தது. லண்டனில் தங்கம் அவுன்ஸுக்கு 120 ஷில்லிங்கைக் கடந்தது. 18 பென்ஸ் என்ற விகிதத்தில் ரூபாய் பவுண்டுடன் கட்டப்பட்டிருந்தமையால் இங்கும் தங்கம் விலையேறியது. விளைபொருள் விலை வீழ்ந்து கடனில் தவித்த உழவர்கள் பெட்டியிலிருந்த நகையை விற்றனர். அத்தங்கம் பம்பாய்த் துறைமுகம் வழியே கப்பலேறியது. சுரங்கத்துக்கு நற்காலம், உழவர் வீட்டுக்கு அவ்வாறில்லை.

பிராங்க் 1999-இல் யூரோவுக்கு 6.55957 என்ற நிலையான விகிதத்தில் கரைந்தது. தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. இன்று பவுண்டுக்கும் யூரோவுக்கும் இடையே எடைக் கணக்கு ஏதுமில்லை. சந்தை நாள்தோறும் விகிதத்தை முடிவு செய்கிறது.

ஆயினும் அந்தப் பழைய இரு நிலைகளும் நம் வாடிக்கையாளரிடையே தொடர்கின்றன. வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பும் பவுண்டை ரூபாயாக்கி ராபர்ட்சன்பேட்டையில் செலவிடும் பெற்றோர் அன்றைய சுரங்க நிறுவனத்தின் இடத்தில் இருக்கின்றனர். ரூபாய் இறங்கினால் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். மகளின் லண்டன் படிப்புக்காக ரூபாயில் கடன் பெறுபவர் அன்றைய அரசின் இடத்தில் இருக்கிறார். ஆண்டுக் கட்டணம் 15,000 பவுண்டு எனில், பவுண்டின் விலை ஒரு ரூபாய் ஏறினால் அவருக்கு 15,000 ரூபாய் கூடுதல் செலவு. கல்விக்கடன் தொகையை முடிவு செய்யுமுன், எல்லா ஆண்டுகளின் கட்டண அட்டவணையையும் கிளைக்குக் கொண்டு வாருங்கள். அன்றைய விற்பனை விகிதத்தில் ஒருமுறையும், அதைவிடப் பத்து ரூபாய் உயர்த்தி ஒருமுறையும் கணக்கிட்டுத் தருமாறு கேளுங்கள்.