பழங்கற்படி

தந்தை தொடங்கிவைத்த பணியை அவர் மறைவுக்குப் பின் பிள்ளை முடித்துவைப்பது நாட்டில் நாம் அன்றாடம் காண்பதே. வீடு, கிணறு, தங்கையின் திருமணம் என்று அது பலவகைப்படும். ஆனால், தந்தை எழுதச் சொன்ன ஒரு 'நோட்டுப் புத்தகத்தை' மகன் காலத்தில் முடித்து, அந்தச் செய்தியையும் கல்லில் வெட்டி வைத்த ஊர் ஒன்று உண்டு. அது எங்கள் ஊராகிய திருமழபாடி.

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள இவ்வூரை நம்மில் பலர் பங்குனி மாதத்து நந்தி திருக்கல்யாணத்தால் அறிவர். தமிழ் பயிலும் நண்பர்கள் மூவர் பாடல் பெற்ற தலம் என்று அறிவர். வைத்தியநாதர் கோயிலின் சுவர்களை நின்று பார்ப்பவர் மிகச் சிலரே. நானும் பத்து வயது வரையில் அச்சுவர்களில் சாய்ந்து கொண்டு பொங்கல் தின்றவள்தான்.

இராசராச சோழனின் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1013-இல், இக்கோயிலின் பழைய விமானத்தைப் பிரித்து, புதிய கற்றளியாக எடுக்குமாறு அரசாணை பிறந்தது. பழைய சுவரிலோ முன்னோர் கொடுத்த கொடைகள் எழுத்தாக இருந்தன. சுவரைப் பிரித்தால் அவை என்ன ஆவது? ஆகவே பிரிக்கும் முன்பே அத்தனை கல்வெட்டுகளையும் புத்தகத்தில் படியெடுத்துக் கொள்ள ஏற்பாடாயிற்று. புத்தகம் என்றால் ஓலைப் புத்தகம். 1014-இல் இராசராசன் மறைந்தான். அவன் மகன் முதலாம் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1026-இல், புத்தகத்திலிருந்த படிகள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இவ்வளவு செய்தியும் இங்குள்ள கல்வெட்டிலேயே இருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் அச்சாகியும் இருக்கிறது.

இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். அரசன் மாறிவிட்டான். தலைநகர் தஞ்சையிலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாறிக் கொண்டிருந்த காலம். கங்கைக்கும் கடாரத்துக்கும் படைகள் போய்வந்த காலம். அத்தனை ஆரவாரத்துக்கு நடுவே, ஓலைக்கட்டு ஒன்றைச் செல்லரிக்க விடாமல் யாரோ காத்திருக்கிறார்கள்.

சோழ மன்னர்கள் மறைந்த பெற்றோர்க்கும் முன்னோர்க்கும் பள்ளிப்படை எடுத்தவர்கள் என்று வகுப்பில் படிக்கிறோம். ஆதித்தனுக்கு அவன் மகன் பராந்தகன் தொண்டைமானாற்றூரில் எடுத்தான். பாட்டன் அரிஞ்சயனுக்கு இராசராசன் மேற்பாடியில் எடுத்தான். சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு இராசேந்திரன் பழையாறைப் பகுதியில் எடுத்தான். இவையெல்லாம் தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாக வருகின்றன. திருமழபாடிச் செய்தி வருவதில்லை. எனக்கோ பள்ளிப்படைகளைக் காட்டிலும் இதுதான் பெரிதாகத் தோன்றுகிறது. அதற்குக் காரணம் என் தந்தையார்.

எழுத்துச் சேர்த்தவர்

என் தந்தையார் மின்வாரியத்தில் கம்பியாளராக வேலை பார்த்தவர். ஊர் ஊராகக் கம்பம் ஏறுவது அவர் தொழில். கம்பத்தின் மேலிருந்து பார்த்தால் கோபுரம் இல்லாத சிறு கோயில்கூடக் கண்ணில் படுமாம். ஞாயிற்றுக்கிழமையானால் டி.வி.எஸ். வண்டியின் பின்னால் என்னை உட்கார வைத்துக் கொண்டு அந்தக் கோயிலுக்குப் போவார். பிறர் அஞ்சல்தலை சேர்ப்பர், நாணயம் சேர்ப்பர். நாங்கள் இருவரும் சேர்த்தவை கல்லெழுத்துகள். கல் அதனதன் இடத்தில் இருக்கும். படிதான் வீட்டுக்கு வரும்.

பையில் ஒரு தென்னந்தும்புத் தூரிகை, தண்ணீர்ப் புட்டி, பழைய வேட்டித் துணி, டார்ச் விளக்கு, நீளக் கணக்கு நோட்டு ஆகியவை இருக்கும். தொல்லியல் துறையினர் எடுப்பதுபோல மைப்படி எடுக்க எங்களிடம் வசதியில்லை. மைப்படி எடுப்பதென்றால் கல்லை நன்றாகத் துலக்கி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் அமுங்கும்படி தூரிகையால் தட்டி, பிறகு மையை ஒற்ற வேண்டும். பள்ளத்தில் மை படாது. கறுப்பில் வெள்ளெழுத்தாகத் தாள் உரிந்து வரும். நாங்கள் கண்ணால் படித்துக் கையால் எழுதினோம். எழுத்து தெரியவில்லையென்று சிலர் சுண்ணாம்பையோ மாவையோ பூசுவார்கள். அதைக் கண்டால் என் தந்தையாருக்குக் கோபம் வரும். "விளக்கைப் பக்கவாட்டில் பிடி, பாப்பா. நிழல் விழுந்தா எழுத்து தானே எந்திரிக்கும்" என்பார். இரவில் டார்ச் விளக்கைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், பகலில் வெறும் பாறையாகத் தெரிந்த இடத்தில் வரி வரியாக எழுத்து எழும். முதன்முதலில் அதைக் கண்ட இரவில் நான் கத்திவிட்டேன்.

படிக்கக் கற்பது எளிதன்று. கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொற்களுக்கிடையே இடைவெளி என்பதே கிடையாது. நடுவே கிரந்த எழுத்துகள் வேறு. ஆகவே ஒரு வரியைப் படிக்க வேண்டுமானால் அது என்ன சொல்லக்கூடும் என்று முன்பே ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். (இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.)

நான் முதலில் தட்டுத் தடுமாறிப் படித்த சொற்றொடர் "சாவா மூவாப் பேராடு" என்பது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய, சோழநாட்டில் வழக்கமாக 96 ஆடுகள் கொடுப்பார்கள். பெற்றுக் கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழடாகும். ஆனால் கணக்கில் 96 குறையக்கூடாது. குட்டிகளைக் கொண்டு நிரப்பிக் கொள்ள வேண்டும். அதனால்தான் அந்த ஆடுகள் சாவதில்லை, மூப்பதுமில்லை. இதை என் தந்தையார் எனக்கு ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து விளக்கினார். கடைக்காரர் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்துலயே வட்டிக்கணக்கு சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார். அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

பழுவேட்டரையர்களின் மேலப்பழுவூர், கீழப்பழுவூர் கோயில்களுக்குப் போயிருக்கிறோம். உத்தம சோழனின் அதிகாரியான அம்பலவன் பழுவூர் நக்கன் கற்றளியாக்கிய கோவிந்தபுத்தூருக்கும், சாக்கைக் கூத்து ஆடுவோர்க்கு நிலம் கொடுத்த செய்தியுள்ள காமரசவல்லிக்கும் போயிருக்கிறோம். இவையெல்லாம் அறிஞர்கள் முன்பே படித்து அச்சிட்டவை. அச்சிட்டதை வைத்துக் கொண்டு கல்லைப் படிப்பது எங்களுக்குப் பயிற்சி. உண்மையான வேட்டை, பெயர் தெரியாத சிற்றூர்களில் சாய்ந்து கிடக்கும் துண்டுக் கற்களில்தான்.

ஒருமுறை வயல் வரப்பில் கையகல எழுத்துத் துண்டு ஒன்று கிடந்தது. நான்கைந்து எழுத்துகள்தாம் இருந்தன. நான் பைக்குள் போட்டுக் கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் அதைப் பார்த்தவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வேலைக்கு விடுப்பு எழுதிப் போட்டுவிட்டு, என்னையும் கூட்டிக் கொண்டு அதே வரப்பில் கொண்டு போய் வைத்தார். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி எழுதிக் கொடுத்தார். மண்ணுள் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் புதையல் சட்டம் 1878-லேயே வந்தது என்பதை வரலாற்று வகுப்பில் பின்னர்தான் அறிந்தேன். அவர் சட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "இடம் மாறின கல்லு அனாதை, பாப்பா. எந்த ஊர்க் கதைன்னு அதுக்கே தெரியாது" என்றார்.

அண்ணனும் தம்பியும்

எழுத்துச் சேர்ப்பதில் குடும்பமாக ஈடுபட்டவர்கள் இராசேந்திரனுக்குப் பிறகும் உண்டு. காலின் மெக்கன்சி என்னும் நில அளவையாளர் தென்னாடெங்கும் ஓலைச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டியதை நாமறிவோம். திரட்டியது மெக்கன்சி என்று எழுதுகிறோமே தவிர, ஊர்களுக்குள் போய்ப் பேசிப் படித்தவர் காவலி வெங்கட போரையா. அவர் இளம் வயதிலேயே 1803-இல் இறந்தார். தம்பி இலட்சுமையா அண்ணன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1821-இல் மெக்கன்சியும் இறந்த பிறகு, பணியைத் தாமே தொடர்ந்து நடத்த இலட்சுமையா விரும்பினார். இந்தியர் ஒருவரிடம் அப்பொறுப்பைக் கொடுக்க முடியாதென்று கல்கத்தாவில் இருந்தவர்கள் மறுத்துவிட்டனர். அந்தத் திரட்டில் உள்ள சில கல்வெட்டுகளுக்கு மூலக்கல் பின்னர் அழிந்துவிட்டது; படி மட்டுமே சான்று. இலட்சுமையாவுக்கு 'இல்லை' என்று சொன்னவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. அது கிடக்கட்டும்.

பதினொன்றாவது நோட்டு

என் தந்தையார் மறைந்தபோது பதினொரு நோட்டுகள் இருந்தன. பத்து நிறைந்தவை. பதினொன்றாவதில் பாதி வெற்றுத்தாள். காரியம் முடிந்து உறவினர் போன பிறகு, அவர் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றுவதைவிட அந்த நோட்டுகளைக் கல்லோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதே செய்யத்தக்கது என்று எனக்குப் பட்டது. அம்மா முதலில் வருந்தினார்கள். பிறகு அவர்களே தண்ணீர்ப் புட்டியை நிரப்பிக் கொடுத்தார்கள்.

இங்குதான் எனக்கு இக்கட்டு வந்தது. கொள்ளிடக் கரையூர் ஒன்றில் ஒரு பலகைக் கல். கோப்பரகேசரி என்னும் பட்டமும் இராசேந்திரன் பெயரும் அதில் தெளிவு. ஆட்சியாண்டு ௰௪, அதாவது 14 என்று தந்தையார் எழுதி, ஓரத்தில் சிவப்பு மையில் "நம்ம மழபாடி ஆண்டு!" என்று குறித்திருந்தார். அவர் மகிழ்ச்சி அந்த வியப்புக்குறியில் தெரிந்தது. நான் மாலையில் போய் விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். கல்லின் விளிம்பு உடைந்த இடத்தில், ௰ என்னும் குறிக்கு முன்னால், ௨ என்பதன் வால் தெரிந்தது. ௨௰௪. இருபத்துநான்கு.

மூன்று முறை போய்ப் பார்த்தேன். கைப்பேசியில் நான்கு பக்கங்களிலிருந்தும் ஒளிபடும்படி படம் எடுத்து எங்கள் துறைப் பேராசிரியரிடம் காட்டினேன். அவரும் இருபத்துநான்கே என்றார். முன்னே சொன்ன ஆபத்து இதுதான்: கல் என்ன சொல்லும் என்று நாம் எதிர்பார்க்கிறோமோ அதையே கண் படித்துக் கொடுத்துவிடும். என் தந்தையார் பதினான்கை விரும்பினார், பதினான்கு கிடைத்தது.

திருத்துவதா? இறந்தவர் எழுதியதன் மேல் கோடு போட எனக்குக் கை வரவில்லை. அப்படியே விட்டால், நோட்டைப் பார்ப்பவர் பத்தாண்டு தவறாகக் கணக்கிடுவார். அப்போது செம்பியன் மாதேவியின் நினைவு வந்தது. கணவர் கண்டராதித்தர் மறைந்த பின் நெடுங்காலம் வாழ்ந்து, பழைய கோயில்களைக் கற்றளிகளாக்கிய அரசி அவர். எங்கள் பக்கத்துக் கண்டராதித்தம் அம்மன்னர் பெயர் தாங்கிய ஊர்தான். திருக்கோடிகாவில் அவ்வம்மையார் கோயிலைப் புதுப்பித்தபோது பழைய கல்வெட்டுகள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. அவற்றில் "இதுவும் ஒரு பழங்கற்படி" என்னும் குறிப்பு இருக்கிறது. இது மூலமன்று, பழைய கல்லின் படி என்று படிப்பவனுக்கு ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்கள். படியெடுத்தவன் கை இது, வெட்டியவன் கை வேறு என்று பிரித்துக் காட்டிவிடுகிறார்கள்.

ஆகவே நானும் அவர் எழுத்தை அடிக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் பென்சிலால் என் பாடத்தை எழுதி, நாளும் நேரமும் ஒளி வந்த திசையும் குறித்தேன். தலைப்பில் "இதுவும் ஒரு பழங்கற்படி" என்றெழுதினேன். இதுவரை ஏழு நோட்டுகள் முடிந்துள்ளன. அவர் பாடத்தில் பிழையென்று நான் கருதியவை முப்பத்தொன்று. பிழையென்று நான் எண்ணி, மீண்டும் கல்லைப் பார்த்தபின் அவரே சரியென்று கண்டவை நாற்பதுக்கும் மேல். படங்களையும் நோட்டுகளின் ஒளிநகலையும் நம் கல்லூரி வரலாற்றுத் துறையில் கொடுத்திருக்கிறேன். விரும்பும் மாணவர் பார்க்கலாம். என் பென்சில் எழுத்துக்கு எதிராக மூன்றாவது பாடம் எழுதவும் இடம் விட்டிருக்கிறேன்.

கடைசியாக, பதினொன்றாவது நோட்டின் கடைசிக் கல். ஒரு சிற்றூர்க் கோயிலின் பின்புறம் குப்புறக் கிடந்த கல் அது. நாங்கள் இருவருமாகப் புரட்டினோம். ஒன்பது வரிகள். ஓர் ஊர்ச் சபையார் ஏரிமண் எடுப்பதற்குச் செய்த ஏற்பாடு போலத் தோன்றியது. ஐந்தாம் வரியின் நடுவில் பொழுது சாய்ந்தது. டார்ச் விளக்கின் மின்கலமும் தீர்ந்து போயிற்று. "அடுத்த ஞாயித்துக்கிழமை முடிச்சுடலாம்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மருத்துவமனையில் இருந்தார்.

நான் ஏழு மாதம் கழித்துப் போனபோது கோயிலில் திருப்பணி நடந்து முடிந்திருந்தது. தரையெல்லாம் புதுக்கல். அந்தக் கல்லைக் காணவில்லை. புதிய படிக்கட்டின் அடியில் போய்விட்டது என்றார் ஒருவர். உடைகல்லோடு வண்டியில் போயிற்று என்றார் இன்னொருவர். யாரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. அது எழுத்துள்ள கல் என்று அவர்களுக்குச் சொன்னவர் இல்லை. நாங்களும் சொல்லிவிட்டு வரவில்லை. பிரிப்பதற்கு முன் படியெடுக்க வேண்டுமென்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்த ஊரிலிருந்து போன நாங்கள் அதைச் செய்யத் தவறினோம்.

அதன் பிறகு, துண்டுக் கல் இருக்கும் ஒவ்வோர் ஊரிலும் கோயில் பொறுப்பாளரிடம் படியின் ஒரு பிரதியைக் கொடுத்து, கல்லையும் தொட்டுக் காட்டிவிட்டே திரும்புகிறேன். இதுவரை பதினாறு ஊர்களில் கொடுத்தாயிற்று. இரண்டு இடங்களில் கல்லை நிமிர்த்தி நட்டிருக்கிறார்கள்.

பதினொன்றாவது நோட்டில் அந்த ஐந்தாம் வரி "ஏரிக்கு" என்னும் சொல்லோடு நிற்கிறது. அதற்கு எதிர்ப்பக்கத்தில், கல்வெட்டுத் தொகுதிகளில் போடுவதுபோல, சில புள்ளிகள் வைத்து, "இதற்கு மேல் கல் கிடைக்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன்.