23-ஆம் சங்கீதம், 8 மார்க்

மூத்தவள் நான்காம் வகுப்பில் இருந்தபோது வேதபாடத் தேர்வில் 23-ஆம் சங்கீதத்தை எழுதி 10-க்கு 8 வாங்கி வந்தாள். ஒரு வசனம் விட்டுப்போனதில் 2 மார்க் போயிற்று. அன்று இரவு குடும்ப ஜெபத்தில் 24-ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னேன். "அது சிலபஸ்ல இல்லம்மா" என்று வேதாகமத்தை மூடிவிட்டாள்.

அவள் அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். படுத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. சபை ஐயரிடம் கடிதம் வாங்கி, சங்கக் காணிக்கை ரசீதையும் ஞானஸ்நானச் சான்றிதழையும் நகலெடுத்துக்கொண்டு, விடியற்காலையில் வரிசையில் நின்று சபைப் பள்ளியில் எல்.கே.ஜி. இடம் பிடித்தது இதற்குத்தானா?

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் என் ஆச்சி காலத்தில் எந்தப் பள்ளி என்ற குழப்பமே இல்லை. 1820-இல் மிஷனரி ரேனியஸ் இங்கே வந்த பிறகு ஊர் ஊராகக் கோயிலும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே எழும்பின. ஆச்சி எழுத்துக் கூட்டியது அப்படியொரு பள்ளிக்கூடத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்த அதே கூரையின் கீழ் திங்கட்கிழமை வாய்ப்பாடு சொன்னார்களாம். ஊரில் இருந்தது அது ஒன்றுதான். நம் முன்னால் இன்று சபைப் பள்ளி, வீட்டுக்கல்வி, அரசுப் பள்ளி என்று மூன்று வழி இருக்கிறது. மூன்றிலும் நான் நடந்து பார்த்துவிட்டேன், பிள்ளைக்கு ஒன்றாக.

சபைப் பள்ளியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மூத்தவள் பதினொன்றாம் வகுப்பு வந்தும் அங்கேதான் படிக்கிறாள். கணக்கு டீச்சர் தங்கமானவர். ஆனால் வேதபாடமும் ஒரு பாடமாகி, அதற்கும் மார்க் என்று ஆனதும், வீட்டில் நாங்கள் செய்ய வேண்டியதை அவர்கள் செய்துவிட்டார்கள் என்று நான் சும்மா இருந்துவிட்டேன். பிழை என்னுடையது. சேர்க்கைக்கு முன் பெற்றோர் கேட்க வேண்டியதை நானும் கேட்கவில்லை: வேதபாட வகுப்பை எடுப்பது யார், அந்தப் பாட வேளையில் பிள்ளை கேள்வி கேட்கலாமா? பத்தாம் வகுப்பு வந்ததும் அந்த வேளையைக் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறார்களா? எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

காசு விஷயம் ஒன்று. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடம் சபைப் பள்ளியிலும் கிடைக்கும் என்று நம்பி அலைகிறவர்கள் இன்னும் உண்டு. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டணச் சலுகை வேண்டுமானால் தாளாளரிடம் நேரே கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டு நகையை அடகு வைத்தவள் நான்.

இரண்டாமவன் கதை வேறு. மூன்றாம் வகுப்பு முடித்தும் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தான். வகுப்பில் கேலி செய்தார்கள். காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொள்வான். ஜெபக் கூட்டத்தில் ஒரு அக்கா வீட்டுக்கல்வி பற்றிச் சொன்னார், அமெரிக்கக் கிறிஸ்தவப் புத்தகக்கட்டு ஒன்றும் தந்தார். பளபளவென்று இருந்தது. இரண்டாவது வாரம் கணக்குப் பாடத்தில் பையன் நிமிர்ந்து, "டைம்னா எத்தனை பைசாம்மா?" என்றான். எனக்கும் தெரியாது. அது அவர்கள் ஊர் நாணயம், பத்து சென்ட். பனிமனிதனும் பேஸ்பாலுமாகப் பக்கங்கள் ஓடின.

அந்தப் புத்தகங்களோடு அந்த நாட்டுச் சண்டையும் சேர்ந்து வருகிறது என்பது பிறகுதான் புரிந்தது. 1962-லும் 1963-லும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரசுப் பள்ளிகளில் பள்ளியே நடத்தும் ஜெபத்தையும் வேத வாசிப்பையும் நிறுத்தியது. அந்தக் காயம் அங்கே பலருக்கு இன்னும் ஆறவில்லை. நம் அரசுப் பள்ளிகளில் சமய போதனையே கூடாது என்று அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு முதலிலேயே எழுதிவைத்துவிட்டது. நம்மிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை. அவர்களுடைய பயத்தை நான் ஏன் கடன் வாங்க வேண்டும்? சமச்சீர்ப் புத்தகங்களுக்கு மாறிக்கொண்டேன்.

இரண்டு வருடம் நடத்தினேன். குக்கர் விசில், சிலிண்டர்காரர், கூரியர் என்று எல்லாவற்றுக்கும் நடுவே பாடம். நல்லது நடக்காமல் இல்லை. யாரும் சிரிக்காத வீட்டில் அவன் வாசிக்கக் கற்றான். சாமுவேலின் இரண்டு புத்தகங்களையும் சண்டைக்காகவே முடித்தான். ஆனால் தினமும் சாயங்காலம் நாலு இருபதுக்கு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பள்ளி வேன் வரும் நேரம் அது. பக்கத்து வீட்டுப் பையன் இறங்கி, கையசைத்துவிட்டு டியூஷனுக்கு ஓடிவிடுவான். இவன் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பான்.

வீட்டுக்கல்வியை நினைக்கிறவர்களுக்கு இரண்டு சொல்கிறேன். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிய 14 வயது ஆக வேண்டும். அதுவரை அந்தச் சான்றிதழ் கிடைக்காது. அடுத்தது, ஆறாம் வகுப்புக்குள் முடிவெடுங்கள். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தமிழ்நாட்டில் இருக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். உதவிபெறும் மிஷன் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுப்பதால் அதுவும் அரசுப் பள்ளிதான் என்று நினைத்து ஏமாந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அந்தக் கணக்குப் போட்டுத்தான் அவனை ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்த்தோம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இருக்கிறது. தலைமையாசிரியை பழைய எமிஸ் (மாணவர் பதிவு) எண்ணைத் தேடி எடுத்து அரை நாளில் வேலையை முடித்துவிட்டார். "கெட்ட வார்த்தை கத்துக்கிட்டு வருவான்" என்றார் என் மாமியார். வந்தான். வேனில் போன காலத்தில் மூத்தவளும்தான் கற்று வந்தாள், ஆங்கிலத்தில்.

கடைசிக் குட்டியை ஒன்றாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் போட்டோம். அவள் வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளை அவள் ஒருத்திதான். அதனால் கேள்வி எல்லாம் அவளிடம் வரும். நீ ஏன் பொட்டு வைக்கலை, உங்க சாமியை ஏன் ஆணி அடிச்சாங்க. பதில் தெரியாதபோது அந்தக் கேள்விகள் அப்படியே வீட்டுக்கு வந்துவிடும். மூத்தவள் ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை. அவள் வகுப்பில் அவளிடம் கேட்க ஆள் இல்லை.

போன வருடம் ஆயுத பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, அவள் தோழி லேத் பட்டறையில் படைத்த பொரிகடலையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருக்கிறாள். சின்னவள் அதைத் தின்னாமல் பையில் வைத்துக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"தின்னலாமாப்பா?"

"பொரிதானே, தின்னு" என்றார் அவர்.

"படைச்சத வீட்டுக்குள்ள வைக்காத" என்றார் மாமியார்.

"ரெண்டு பேர்ல யாரு சரி?" என்று அவள் என்னைப் பார்த்தாள். எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தில் எட்டாம் அதிகாரம் இதைப் பற்றித்தான் என்று ஞாபகம் வந்தது. அன்று இரவு ஜெபத்தில் அதை எடுத்தோம், முடியவில்லை. மறுநாள் பத்தாம் அதிகாரம். மாமியார் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். சிலபஸ் பார்த்து வாசிக்கிற மூத்தவள்கூட நடுவில் புகுந்து பாட்டியோடு வாதாடினாள். மூன்றாம் நாள் சின்னவள் பொட்டலத்தைப் பிரித்தபோது பொரி நமத்துப் போயிருந்தது.