கொட்டகைத் தண்ணியில் ஓடிப்போகும் மணிச்சத்து

"நாமதான் டிஏபி போடறதே இல்லையே, நம்மால எப்படிங்க தண்ணி கெடும்?" என்று இயற்கை உழவர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். டிஏபி மூட்டையில் மட்டுமல்ல, சாணத்திலும் மணிச்சத்து இருக்கிறது. கொட்டகை கழுவிய தண்ணீர் வாய்க்காலில் இறங்கிக் குட்டைக்குப் போனால், நிலத்துக்குச் சேர வேண்டிய சத்தும் கூடவே போகிறது.

குட்டைக்கு அது சத்து அல்ல, கேடு. 1973-ல் கனடாவில் ஓர் ஏரியைத் திரை கட்டி இரண்டாகத் தடுத்தார்கள். ஒரு பக்கம் கரிமமும் தழைச்சத்தும் மட்டும் விட்டார்கள். மறுபக்கம் அவற்றோடு மணிச்சத்தும் சேர்த்தார்கள். மணிச்சத்து விழுந்த பக்கம் மட்டும் பாசி பிடித்துப் பச்சையானது. நீலப்பச்சைப் பாசியில் சில வகை நஞ்சு உண்டாக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் ஆடுமாடு சாகவும் கூடும்.

தண்ணீரில் கரைந்த மணிச்சத்தைப் பிடித்து வைப்பவை சுண்ணாம்பு, இரும்பு, அலுமினியம் மூன்றும்தான். இவை நம்மைச் சுற்றியே இருக்கின்றன. என் தோட்டத்தில் மூன்று கட்டமாக வைத்திருக்கிறேன்.

1. படிவுக் குழி: முதலில் சாணத்தை வழித்து எடுத்துவிட்டுத்தான் கொட்டகையைக் கழுவ வேண்டும். மிச்சத் துகள் இந்தக் குழியின் அடியில் தங்கும். அதை வாரி எருக்குழியில் போடுங்க. தேத்தான்கொட்டை உரைத்து விட்டால் கலங்கல் சீக்கிரம் படியும். ஆனால் கரைந்த சத்தை அது முழுசாகப் பிடிக்காது.

2. கல் படுகை: செம்புரைக்கல்லில் இரும்பும் அலுமினியமும் அதிகம். அதை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து நிரப்பணும். பொடியாக்கினால் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மெல்ல ஊறி வடிய வேண்டும், தேங்கக் கூடாது. காற்றில்லாத சேறானால், இரும்பு பிடித்த சத்தைத் திரும்ப விட்டுவிடும். செம்புரைக்கல் கிடைக்காதவர்கள் கிளிஞ்சல், முட்டை ஓடு போடலாம். ஆனால் சுடாத ஓடு மெதுவாகத்தான் பிடிக்கும். சுட்ட சுண்ணாம்பு வேகமாகப் பிடிக்கும் என்றாலும் நான் போடுவதில்லை. அது தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றி, மூத்திரத்தில் உள்ள தழைச்சத்தை அம்மோனியா வாயுவாகப் பறக்க விடும்.

3. செடிப் படுகை: வடிந்த தண்ணீரில் கல்வாழை, வெட்டிவேர் வையுங்கள். அவ்வப்போது அறுத்து மூடாக்குக்கோ எருக்குழிக்கோ கொண்டுபோகணும். அங்கேயே அழுகினால் உறிஞ்சின சத்து திரும்பத் தண்ணீருக்கே போகும்.

கல் படுகைக்கும் கொள்ளளவு உண்டு. நிரம்பிய பிறகு அது வாங்காது. உள்ளே போகும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர் இரண்டையும் பரிசோதனைக்குக் கொடுத்து, பாஸ்பேட் அளவைக் குறிப்பாகக் கேளுங்க. இரண்டும் ஒன்றானால் கல்லை மாற்ற வேண்டிய நேரம். எடுத்த ஓட்டை நொறுக்கிப் புளிப்பு மண்ணில் போடலாம். சுண்ணாம்பு மண்ணுக்கு வேண்டாம். செம்புரைக்கல் பிடித்ததோ பயிருக்கு லேசில் கிடைக்காது.

அதனால் முதல் குழியில் வாருவதுதான் நிலத்துக்கு உண்மையான வரவு. மற்ற இரண்டும் குட்டைக்குக் காவல். நம் நாடு பாஸ்பேட் பாறையில் பெரும்பகுதியை வெளிநாட்டில் காசு கொடுத்து வாங்குகிறது. நம் கொட்டகையில் இருப்பதை வாய்க்காலில் விடலாமா?