செலவு வளர்ந்தால் வாழ்வு வளர்ந்ததாகுமா?

சென்ற ஆண்டு நடந்த ஒரு கிராமசபைக் கூட்டத்தில், கிராமக் குடும்பங்களின் செலவு பெருகியிருப்பதை வளர்ச்சியின் அறிகுறியென்று எடுத்துரைத்தேன். முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து, "செலவு ஏறினது மெய்தான் ஐயா, வாங்குகிற பருப்பு ஏறவில்லையே!" என்றார். கூட்டம் நகைத்தது, எனக்கோ நாணமாயிற்று. அவ்வம்மையாரின் வினாவிற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

நுகர்வுச் செலவு என்பது யாது?

உணவு, உடை, மருந்து, கல்வி, பயணம் ஆகியவற்றிற்குக் குடும்பம் செலவிடுவது நுகர்வுச் செலவாகும். சொந்த வயலில் விளைந்து வீட்டில் உண்ணும் நெல்லும் மதிப்பிட்டுச் சேர்க்கப்பெறும். விதை, உரம், உழவுக்கூலி ஆகியவை உற்பத்திச் செலவு. புதுவீடு கட்டுவது முதலீடு. கடனின் அசலைத் திருப்புவது இரண்டிலும் சேராது.

ஆசிரியர் ஊதியமும், ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தும் அரசாங்க நுகர்வைச் சாரும். சாலை அமைப்பது முதலீடு. முதியோர் ஓய்வூதியமோ, அதைப் பெற்றவர் அரிசி வாங்கும்போது குடும்ப நுகர்வாகக் கணக்கில் ஏறும். நம் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழப் பத்தில் ஆறு பங்கு குடும்ப நுகர்வு. ஏறத்தாழ ஒரு பங்கு அரசாங்க நுகர்வு.

வளர்ச்சியைக் கணக்கிடும் முறை

ஒரு குடும்பம் சென்ற ஆண்டில் மாதம் 10,000 ரூபாயும், இவ்வாண்டில் 10,800 ரூபாயும் செலவிட்டதாகக் கொள்வோம். ரூபாய்க் கணக்கில் வளர்ச்சி 8 சதவீதம். இடையில் விலைவாசி 6 சதவீதம் ஏறியிருப்பின், 10,800ஐ 1.06ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 10,189. ஆதலின் மெய்யான வளர்ச்சி 2 சதவீதத்திற்கும் குறைவே. அக்குடும்பத்தில் உண்பவர் எண்ணிக்கையும் கூடியிருந்தால், தலைக்குக் கிடைப்பது குறைந்துமிருக்கலாம்.

அரசாங்கச் செலவிற்கும் இவ்விதி பொருந்தும். ஊதிய உயர்வால் மட்டும் பள்ளிச் செலவு ஏறினால், மாணவர் பெறும் கல்வி அதனால் மிகுந்துவிடாது.

நம் நாட்டுச் சான்று

தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 2011-12இல் 1,430 ரூபாய். 2022-23இல் 3,773 ரூபாய். இரண்டரை மடங்கிற்கும் மேல்! ஆயினும் 2011-12ஆம் ஆண்டு விலையில் கணக்கிட்டால் பின்னது 2,008 ரூபாயே. பதினோராண்டில் மெய்யான உயர்வு சுமார் 40 சதவீதம். ஆண்டொன்றுக்குச் சுமார் 3 சதவீதம். இதே காலத்தில் கிராமச் செலவில் உணவின் பங்கு 52.9 சதவீதத்திலிருந்து சுமார் 46 சதவீதமாகக் குறைந்தது. வசதி பெருகின் உணவின் பங்கு குறைவது இயல்பு. எனினும் மருத்துவச் செலவு அழுத்துவதாலும் அது குறையக்கூடும்.

நாம் செய்யவேண்டியது

ஊராட்சித் தலைவர்களும் ஊழியர்களும் செலவுக் கணக்கைக் காணுந்தோறும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். விலை உயர்வு கழிக்கப்பட்டதா? தலைக்கு எவ்வளவு? செலவு மிகுந்தது எதன்பொருட்டு? சராசரி உயர்ந்த ஊரிலும் உயராத வீடுகள் உண்டு. ஆய்வாளர் வருங்கால் மக்கள் தம் செலவை மறைக்காமலும் மிகைக்காமலும் உரைத்தால்தான் அவ்வீடுகள் கணக்கில் தெரியும்.

அம்மூதாட்டியின் வீடு அத்தகையது. அதன்பின் எந்தக் கூட்டத்திலும் ரூபாய்க் கணக்கை மட்டும் நான் தனித்துச் சொல்வதில்லை. பருப்பின் விலையையும் உடன் சொல்லுகிறேன்.